தென்னையிலிருந்து விழுந்தவருக்குச் செய்ய வேண்டுவன

மாயவரம் என வழங்கிய மயிலாடுதுறைப் பகுதியில் தென்னை ஏறுதலும் வைக்கோற்போர் போடுதலும் அங்கத்தினர்கள் பலருக்கு அன்றாட வேலை. விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்துவது பெரும் பிழையாகும். முதுகெலும்பு முறிந்திருப்பின் அவ்வசைவே கால்களை நிரந்தரமாகச் செயலறச் செய்யக்கூடும். அசையாது கிடத்தி, தமிழ்நாட்டில் 2008 முதல் நடைபெற்றுவரும் 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

முறிந்த கைகால்களுக்கு மூங்கிற் சிம்பு வைத்துக் கட்டலாம்; இறுக்கிக் கட்டலாகாது. விரல்கள் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ கட்டைத் தளர்த்துக. தாமதித்தால் அவயவமே அழுகும். எண்ணெய் தேய்த்து உருவுதலும் கூடாது. வலிக்குரிய மாத்திரையை மருத்துவர் குறித்த வேளையில், குறித்த அளவே உட்கொள்ளுக.

கை எலும்பு பெரும்பாலும் 6 வாரத்திலும், கால் எலும்பு 12 வாரத்திலும் கூடும். கட்டுக்கு வெளியே உள்ள விரல்களை நாள்தோறும் அசைத்து வருக. அசையாத மூட்டு இறுகிவிடும். நடவுக்காலம் வந்ததென்று முன்னதாக வயலில் இறங்குவோர், ஒரு போகத்தை மீட்க முயன்று பல போகங்களை இழப்பர்.