இந்த வருஷம் நம்ம காலேஜ் டீம் எப்படி?

மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஒரு பையனோ பொண்ணோ கீழே திருப்பத்தூருக்குப் படிக்கப் போய், கல்லூரிக் கூடைப்பந்து அணியில் இடம் பிடித்துவிட்டால் போதும். அதுவரை கபடியும் வாலிபாலும் பேசிக்கொண்டிருந்தவர்கள் பாஸ்கெட்பாலும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். “இந்த வருஷம் உங்க காலேஜ் டீம் எப்படிப்பா?” என்று கேட்பார்கள். போன வருஷம் கப் அடித்திருந்தால் “இந்த வருஷமும் நம்மதான்” என்பார்கள். முதல் சுற்றிலேயே தோற்றிருந்தால் பேச்சு அதோடு நின்றுவிடும். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. கல்லூரி அணியின் வரும் சீசனைக் கணிக்கப் போன வருஷத்துக் கோப்பை அதிகம் உதவாது. யார் படிப்பை முடித்துப் போனார்கள், யார் புதிதாகச் சேர்ந்தார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காரணம் எளிது. வங்கி அணியிலோ ரயில்வே அணியிலோ வேலைக்குச் சேர்ந்த ஆட்டக்காரர் பத்து வருஷம்கூட ஆடுவார். கல்லூரியில் அப்படி இல்லை. நம் கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்பு மூன்று வருஷம். முதலாண்டில் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டாமாண்டில் உள்ளே வந்து, மூன்றாமாண்டில் அணியைத் தூக்கி நிறுத்தும் நேரத்தில் படிப்பே முடிந்துவிடுகிறது. முதுநிலையும் அதே கல்லூரியில் படித்தால் இன்னும் இரண்டு வருஷம் கிடைக்கும். அதனால் போன வருஷத்து மூன்றாமாண்டு சீனியர்களில் எத்தனை பேர் எம்.ஏ.வுக்கோ எம்.எஸ்சி.க்கோ அங்கேயே சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். பாயிண்ட் கார்டாக ஆடியவர், அதாவது பந்தை மேலே கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர், தங்கிவிட்டாரா என்பதை முக்கியமாகக் கேளுங்கள். உயரமான ஆள் போனால் வேறு உயரமான ஆளைத் தேடிப் பிடிக்கலாம். ஆட்டத்தை நடத்தத் தெரிந்தவன் ஒரே சீசனில் உருவாவதில்லை. பொறியியல் கல்லூரிகளில் படிப்பு நான்கு வருஷம் என்பதால் அங்கே ஒரே கூட்டம் ஒரு சீசன் கூடுதலாகச் சேர்ந்து ஆடுகிறது. களத்தில் அந்த ஒரு வருஷம் நன்றாகவே தெரியும்.

அடுத்து, நம் பகுதிக் கல்லூரி எந்தப் படிகளில் ஏறுகிறது என்பது தெரிய வேண்டும். திருப்பத்தூரில் 1951-ல் சலேசியப் பாதிரியார்கள் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரி உட்பட இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் வேலூரின் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அந்தப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் முதலில் தங்களுக்குள் மோதிக்கொள்ளும். அந்தப் போட்டிகளில் நன்றாக ஆடியவர்களிலிருந்து பன்னிரண்டு பேரைப் பொறுக்கிப் பல்கலைக்கழக அணி அமைப்பார்கள். அந்த அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும். மண்டலத்தில் முன்னுக்கு வந்தால் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. அதிலும் முன்னணியில் முடித்தால் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு. இந்தக் கடைசிப் படி புதியது. 2020 பிப்ரவரியில் புவனேஸ்வரில்தான் முதல்முறை நடந்தது.

பல ரசிகர்கள் குழம்புவது இங்கேதான். கல்லூரி அணி வேறு, பல்கலைக்கழக அணி வேறு. நம் கல்லூரி எல்லாரையும் ஜெயித்தாலும் “திருப்பத்தூர் காலேஜ்” என்ற பெயரில் தென்மண்டலத்துக்குப் போக முடியாது. நம் ஆட்களில் மூன்று நான்கு பேர், போன வாரம் எதிரணியில் ஆடிய வேலூர், திருவண்ணாமலைப் பையன்களோடு ஒரே பனியன் போட்டுக்கொண்டு போவார்கள். சேர்ந்து பயிற்சி செய்யக் கிடைப்பது சில நாள் முகாம் மட்டுமே. எதிரில் நிற்பதோ எஸ்.ஆர்.எம்., ஹிந்துஸ்தான், சத்யபாமா மாதிரியான நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அங்கே கல்லூரி அணிதான் பல்கலைக்கழக அணி. ஒரே வளாகம், ஒரே விடுதி, ஒரே பயிற்சியாளர், வருஷம் முழுக்கச் சேர்ந்த ஆட்டம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆட்களைத் தேடிச் சேர்த்திருப்பார்கள். அவர்களிடம் நம் பல்கலைக்கழகம் இருபது புள்ளியில் தோற்றால் நம் பையன்களுக்கு ஆடத் தெரியவில்லை என்று பேசுவது அநியாயம். எனக்கு இதில் வருத்தமே உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் திறமையில் பெரிய வித்தியாசம் இல்லாத பிள்ளைகள் சேர்ந்து ஆடிய நாட்கள் குறைவு என்ற ஒரே காரணத்தால் தோற்றுத் திரும்புகிறார்கள்.

ஆகவே “இந்த வருஷம் எப்படி?” என்ற கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் நம் கல்லூரி எவ்வளவு தூரம் போகும் என்பது ஒன்று. பல்கலைக்கழக அணியில் நம் ஆட்கள் எத்தனை பேர் இடம் பிடிப்பார்கள் என்பது இன்னொன்று. தமிழ்நாடு அரசு வேலையில் சாதித்த விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. பல்கலைக்கழகத்துக்கு ஆடிய சான்றிதழுக்கு இங்கே மதிப்பு இருப்பதால், மலையிலிருந்து போன பிள்ளைக்கு இரண்டாவது கேள்விதான் பெரிது.

மூன்றாவதாக ஒரு வாசலும் இருக்கிறது. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து திருப்பத்தூர் தனி மாவட்டமானது. அதற்கு முன் நம் பிள்ளைகள் மாவட்ட அணிக்குள் நுழைய வேலூர் நகரத்துக் கல்லூரிகளோடு மோத வேண்டியிருந்தது. இப்போது முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் கல்லூரி மாணவர் பிரிவில் திருப்பத்தூர் மாவட்டத்தின் பெயரிலேயே மாநில அளவுக்குப் போகலாம். சின்ன மாவட்டம், குறைந்த கல்லூரிகள். இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடியிருக்கிறது. ரசிகர்கள் இதை அதிகம் பேச வேண்டும்.

வருஷா வருஷம் ஆள் மாறும் கதை நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து ஒரு திருவிழா. நவம்பரில் சீசன் தொடங்கும். ஒவ்வொரு அணியும் முப்பது ஆட்டம் அளவுக்கு ஆடும். மார்ச்சில் 68 அணிகளின் நாக் அவுட் போட்டி வரும். 1939-ல் அது எட்டு அணிகளோடு ஆரம்பித்தது. அங்கே ரசிகர்கள் ஏப்ரலிலேயே அடுத்த சீசனைப் பேச உட்கார்ந்துவிடுவார்கள். 2018-ல் ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறுவதற்கென்று தனிப் பதிவு முறை வந்தது. 2021 முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் சம்பாதிக்கவும் அனுமதி வந்தது. இதனால் ஒரே கோடையில் அணி முழுக்க மாறிவிடுகிறது. நம் ஊரில் படிப்பு முடிவதால் ஆள் போகிறார், அங்கே இன்னொரு கல்லூரி கூப்பிடுவதால் போகிறார். இரண்டு இடத்திலும் ரசிகர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: யார் மிச்சம்?

ஆனால் ஒரு பெரிய வேறுபாட்டை மறக்கக் கூடாது. முப்பது ஆட்டம் ஆடும் அணி ஐந்தில் தோற்றாலும் சமாளித்துக்கொள்ளும். நம் கல்லூரிப் போட்டிகள் பெரும்பாலும் நாக் அவுட். ஒரு ஆட்டம் தோற்றால் பையைக் கட்ட வேண்டியதுதான். அதோடு இரண்டு மூன்று நாளில் போட்டியை முடித்துவிடுவார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஒரே நாளில் இரண்டு ஆட்டம்கூட வரும். பத்து நிமிஷம் வீதம் நான்கு கால் பகுதி, 28 மீட்டர் நீளக் களத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து பேரை மட்டும் நம்பும் அணி அரையிறுதியில் கால் தளர்ந்து நின்றுவிடும். எனவே கேப்டன் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதைவிட, பெஞ்சிலிருந்து வரும் ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆள் யார் என்பதைப் பாருங்கள். ஐந்து ஃபௌல் வாங்கினால் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். முக்கியமான உயர ஆள் மூன்றாம் கால் பகுதியிலேயே நான்கு ஃபௌலோடு நின்றால், அந்த எட்டாவது ஆள்தான் ஆட்டத்தை முடித்துக் கொடுக்க வேண்டும்.

சீசனுக்கு முன்னால் நடக்கும் நட்பு ஆட்டங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பார்த்தால் கணிப்பு இன்னும் தெளியும். அமெரிக்க ஆய்வாளர் டீன் ஆலிவர் 2004-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஆட்டத்தைத் தீர்மானிக்கும் நான்கு காரணிகளைச் சொன்னார்: போடும் ஷாட்டின் துல்லியம், பந்தை வீணாக இழப்பது, ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ. நம் மைதானத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

துல்லியத்தை எப்படிக் கணக்கிடுவது என்று பார்ப்போம். ஒரு அணி 60 ஷாட் போட்டு 24 உள்ளே விழுந்தது என்று வையுங்கள். சும்மா வகுத்தால் 40 விழுக்காடு. அந்த 24-ல் 6 மூன்று புள்ளி ஷாட். மூன்று புள்ளி ஷாட் ஒவ்வொன்றுக்கும் அரை கூடுதலாகச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அது ஒன்றரை மடங்கு மதிப்பு. 24-உடன் 3 சேர்ந்து 27. அதை 60-ஆல் வகுத்தால் 45 விழுக்காடு. எதிரணி அதே 60-ல் 25 போட்டு, அதில் ஒன்றே ஒன்றுதான் மூன்று புள்ளி என்றால் அவர்களுக்கு 42.5. அவர்கள் கூடுதலாக ஒரு கூடை போட்டிருந்தும் நம் அணிக்கு 54 புள்ளி, அவர்களுக்கு 51. பார்த்துக்கொண்டிருந்தவர் “அவங்கதான் நல்லா போட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் போவார். நோட்டு வேறு சொல்லும்.

மீதி மூன்றுக்கும் கோடு போட்டு எண்ணினாலே போதும். தவறான பாஸ், டிரிபிளில் நழுவியது, நடந்ததற்கு விசில் வாங்கியது எல்லாம் வீண் இழப்பில் சேரும். நம் ஷாட் தவறியபோது பந்தை மறுபடி யார் எடுத்தார் என்பது ரீபவுண்ட். கடைசியாக ஃப்ரீ த்ரோ. கல்லூரி அணிகள் அதிகம் கோட்டைவிடுவது இதில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எதிரணி ஒரு கால் பகுதியில் நான்கு ஃபௌலைத் தாண்டிவிட்டால், ஷாட் போடாத ஆளை இடித்தாலும் நமக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். யாரும் தடுக்காமல், கடிகாரம் நின்றிருக்க, நின்ற இடத்திலிருந்து போடும் ஷாட். இருபது கிடைத்து பதினொன்று மட்டும் விழுந்தால் ஒன்பது புள்ளி வீண். நான்கு புள்ளியில் தோற்ற ஆட்டத்துக்கு நடுவரைத் திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். பயிற்சி முடிந்து களைத்த பிறகும் ஆளுக்கு ஐம்பது ஃப்ரீ த்ரோ போடும் அணியைக் கண்டால், அந்த அணி மேலே போகும் என்று நம்பலாம்.

மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் கல்லூரிக் களங்கள் பெரும்பாலும் திறந்தவெளி சிமெண்ட் தரை. கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகள் சூடுபிடிக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். தரை நனைந்தால் அன்றைக்குப் பயிற்சி இல்லை. கூரை போட்ட அரங்கம் உள்ள கல்லூரிக்கு அந்த நாட்கள் வீணாகாது. ஆகவே ஜூலை, ஆகஸ்டிலேயே அணி நன்றாகச் சேர்ந்துவிட்டதா என்பது நம் பக்கத்துக்கு மிக முக்கியம்.

மலைப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல், பேருந்து. மாலைப் பயிற்சி முடிய இருட்டிவிடும். அதன் பிறகு மலையேற வண்டி கிடைப்பது அரிது. எனவே விடுதியில் இடம் கிடைத்ததா என்பதே அந்தப் பிள்ளை அணியில் நீடிப்பதைத் தீர்மானிக்கும். பள்ளிப் பருவத்தில் சிமெண்ட் களமும் போர்டும் இல்லாமல் வளர்ந்தவர்கள் கல்லூரியில்தான் முதன்முதலாகப் பந்தைத் தட்டப் பழகுகிறார்கள். நகரத்துப் பிள்ளைகளில் பலர் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் பள்ளி வயதிலேயே பயிற்சி எடுத்து வந்தவர்கள். அந்த இடைவெளியை முதலாண்டில் யாரும் தாண்டிவிட முடியாது. ஓட்டமும் மூச்சும் இருந்தால் முதலில் டிஃபென்ஸில் இடம் கிடைக்கும். ஷாட் பிறகு வரும். முதல் வருஷம் ஐந்து நிமிஷம் ஆடினாலே அது நல்ல தொடக்கம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.

பெண் பிள்ளைகளை ஆடவிடத் தயங்குகிறவர்களிடம் அனிதா பால்துரையைப் பற்றிச் சொல்லலாம். சென்னைப் பெண். 2017 வரை பல வருஷம் இந்தியாவுக்கு ஆடினார், அணியின் கேப்டனாகவும் இருந்தார். ரயில்வேயில் வேலை. 2021-ல் பத்மஸ்ரீ. கூடைப்பந்து பெருநகரத்து விளையாட்டு என்று நினைப்பவர்கள் தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தைப் பார்க்கலாம். ஒவ்வொரு மே மாதமும் அங்கே சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் அகில இந்தியப் போட்டி நடத்துகிறது. சிறு நகரத்தின் கேலரியில் உட்கார்ந்து மக்கள் இந்தியாவின் பெரிய அணிகளைப் பார்க்கிறார்கள்.

கல்லூரி திறந்ததும் கேட்க வேண்டியதை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாயிண்ட் கார்டு இருக்கிறாரா, முதலாண்டில் உயரமான ஆள் யாராவது சேர்ந்தாரா, எட்டாவது ஆள் யார், காலைப் பயிற்சி தொடங்கிவிட்டதா, நட்பு ஆட்டம் எந்தக் கல்லூரியோடு. அணித் தேர்வு கல்லூரி திறந்த சில வாரங்களிலேயே முடிந்துவிடும் என்பதால், ஆடும் ஆசையுள்ள பிள்ளை முதல் வாரத்திலேயே பி.டி. சாரைப் போய்ப் பார்த்துப் பெயர் கொடுத்துவிட வேண்டும். பள்ளியில் எந்த விளையாட்டில் சான்றிதழ் வாங்கியிருந்தாலும் எடுத்துப் போகலாம். கபடியில் ஆடிய காலும் வாலிபாலில் எகிறிய உயரமும் கூடைப்பந்துக்கு எவ்வளவு உதவும் என்பது சாருக்குத் தெரியும்.