அதட்டும் சுரப்பி

லேப் ஜன்னலில் ரிப்போர்ட்டை வாங்கியதும் கண் போவது, எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் 'எச்' என்ற எழுத்துக்குத்தான். டி.எஸ்.எச். 11 என்றிருக்கும். "எனக்குத் தைராய்டு கூடியிருக்காம்" என்று அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போகும். கூடவில்லை, குறைந்திருக்கிறது. ஓ.பி. வரிசையில் இந்தக் குழப்பத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதைத் தீர்த்துவைக்காமல் மாத்திரை மட்டும் கைக்கு வருவதுதான் எனக்கு வருத்தம்.

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி, கழுத்திலுள்ள தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு அது. தைராய்டு கொடுக்கும் டி4 ஹார்மோன் இரத்தத்தில் குறைந்தால் உத்தரவு அதட்டலாகிறது. டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறத்தாழ நூறு மடங்கு ஏறும்! அதனால்தான் டி4 இன்னும் இயல்பான எல்லைக்குள் இருக்கும்போதே, சோர்வோ வீக்கமோ தெரியும் முன்பே, டி.எஸ்.எச். காட்டிக்கொடுத்துவிடுகிறது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பலருக்கு இந்த ஆரம்ப நிலைதான்.

வரிசையில் நிற்பவர்களில் பெண்களே அதிகம். 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ, அறுவை செய்து எடுத்த நான்கு பேரின் தைராய்டை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார், நால்வரும் பெண்கள். சுரப்பிக்குள் வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடந்தன. உடம்பின் காவல்படையே சுரப்பியைத் தாக்குகிறது என்பது 1956-இல்தான் லண்டனில் தெளிவானது. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் ஊர்களில் தைராய்டு குறைவுக்கு இன்று முதல் காரணம் இதுதான்.

அயோடின் கிடைக்காத ஊர்களில் கதை வேறு. மூலப்பொருளே இல்லாத சுரப்பியைப் பிட்யூட்டரி விடாமல் அதட்ட, அது வீங்கிக்கொண்டே போகும். கழுத்துக் கழலை என்பது கண்ணுக்குத் தெரியும் அதட்டல். அதே 1956-இல், வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் இமயமலை ஓரத்துக் காங்ரா பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒன்றுக்கு வெறும் உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு போன பகுதிகளில் கழலை பெருமளவு குறைந்தது, மற்றதில் குறையவில்லை. பிறகு அங்கும் அதே உப்பு போயிற்று. கடல் உப்பிலேயே அயோடின் இருக்குமே என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். உப்பளத்தில் காய்ந்த உப்பில் அது சொற்பம்; சேர்த்தால்தான் உண்டு.

பிரசவ வார்டில் இதே எண்ணுக்கு வேறு பொருள். கருப்பையின் கதகதப்பிலிருந்து வந்த குழந்தைக்கு அரைமணி நேரத்தில் டி.எஸ்.எச். 60, 70 என்று எகிறும். அது நோயல்ல, குளிர்ந்த காற்றில் தன் சூட்டைத் தானே மூட்டிக்கொள்ளும் முயற்சி. அடுத்த சில நாட்களில் தணியும். ஆகவேதான் பிஞ்சுக் குதிகாலில் குத்திச் சொட்டு இரத்தம் எடுக்க 48 மணி நேரமாவது காத்திருக்கிறார்கள். அப்போதும் தணியாமல், மறு பரிசோதனையிலும் குறைவு உறுதியானால், ஒரு நாள்கூட வீணாக்கக் கூடாது. மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்து, பிறந்த இரண்டு வாரத்துக்குள் புகட்டத் தொடங்கிவிட்டால், பெரும்பாலான குழந்தைகளின் மூளை குறையின்றி வளர்கிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லாம் தலைகீழ். கடும் நோயில் உடம்பு, டி4-ஐ வீரியமுள்ள டி3-ஆக மாற்றுவதைக் குறைத்துக்கொள்கிறது. பஞ்ச காலத்தில் உலையில் அரிசி குறைவதுபோல. டி3 எவ்வளவு இறங்கினாலும் பிட்யூட்டரி வாய் திறப்பதில்லை. நோயாளி தேறத் தொடங்கியதும் அதட்டல் திரும்புகிறது. சில வாரங்களுக்கு டி.எஸ்.எச். 11, 15 என்றுகூட நிற்கலாம். ஓ.பி. வரிசையில் குறைவைச் சொன்ன அதே 11, இங்கே உடம்பு மீண்டு வருவதைச் சொல்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் மருத்துவர் மாத்திரை எழுதாமல் 'ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச்.' என்று மட்டும் எழுதியிருந்தால், அவர் மறந்துவிடவில்லை. இரத்தத்திலுள்ள டி4 பாதியாகக் கரையவே ஒரு வாரம் ஆகும். ஆகவே பிட்யூட்டரி நிதானத்துக்கு வர அந்த ஆறு வாரம் வேண்டும்.