ஒட்டுத்துணிப் போர்வைக்கேற்ற கத்தரிக்கோல்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே, மூன்று பக்கமும் ஆறு வளைந்தோடும் ஜீஸ் பென்ட் என்னும் சிற்றூர் உண்டு. முன்னாள் அடிமைகளின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர் அது. பழைய துணிகளைத் துண்டுகளாக்கி இணைத்துப் போர்வை தைத்தல் அவ்வூர்ப் பெண்களின் பரம்பரைக் கலை. அவர்களுள் ஒருவரான மிசூரி பெட்வே, 1942ஆம் ஆண்டில், காலஞ்சென்ற தம் கணவரின் வேலையுடுப்புகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அத்தகைய துணியை எந்தக் கடையில் மீண்டும் வாங்குவது? பிழைபட வெட்டினால் வெட்டியதுதான். ஆதலின் ஊசி நூலைத் தேடுமுன் நல்ல கத்தரிக்கோலைத் தேடுதல் வேண்டும்.

துண்டுகளை அளந்து இணைக்கும் வேலையிலே சிறு பிழையும் பெருகும். ஒவ்வொரு துண்டிலும் 1/16 அங்குலம் கூடினால், 12 துண்டுகள் கொண்ட வரிசையில் முக்கால் அங்குலம் கூடிவிடும். அவ்வரிசை பக்கத்து வரிசையோடு பொருந்தாது, சுருக்கம் விழும். இப்பிழை தையலில் மட்டுமன்றி வெட்டிலும் பிறப்பதுண்டு.

துணி வெட்டுதற்கு 8 அங்குல நீளமுள்ள கத்தரிக்கோல் பெரும்பாலோர்க்குப் பொருந்தும். அதன் பிடி சற்று மேல்நோக்கி வளைந்திருத்தல் நன்று. அவ்வாறிருப்பின் கீழலகு மேசையோடு படிந்து செல்லும், துணி மேலெழாது, கோடும் விலகாது. நூல் நறுக்குதற்கு 4 அங்குலச் சிறு கத்தரிக்கோல் வேறாக வேண்டும். பல்விளிம்புக் கத்தரிக்கோல், துணியோரத்து நூல் பிரிவதைக் குறைக்குமேயன்றி அளவான துண்டு வெட்ட உதவாது.

இரண்டு அலகுகளும் முழு நீளமும் ஒருங்கே தொடுவதில்லை. மெல்லிய வளைவு காரணமாக ஒரு புள்ளியிலேயே தொட்டு, அப்புள்ளி ஆணியிலிருந்து நுனி நோக்கி நகரும். ஆகவே வாங்குமுன் இரண்டு மடிப்புத் துணியை நுனியினால் மட்டும் வெட்டிப் பார்த்தல் வேண்டும். நுனி துணியைக் கடித்து இழுக்குமாயின் அதை விலக்குக. இறுக்கவும் தளர்த்தவும் கூடிய திருகாணி உடையது நெடுநாள் உழைக்கும்.

இடக்கையாளர்க்கு அவர்க்கென்றே அலகு மாற்றி அமைத்த கத்தரிக்கோல் தேவை. மற்றையதை இடக்கையிற் பிடித்தால் மேலலகு வெட்டுக்கோட்டை மறைக்கும். கையின் அழுத்தமும் அலகுகளைப் பிரித்துவிடும். இதனை அறியாது, இடக்கைப் பிள்ளையைக் கைவேலை தெரியாதவளெனப் பழிப்பது அநீதியாகும்.

1979இல் ஜப்பானிய நிறுவனமான ஓல்ஃபா சுழல்தகட்டு வெட்டியை அறிமுகஞ் செய்தது. அளவுகோலும் விரிப்புப் பலகையும் கொண்டு நேர்க்கோடுகளை விரைந்து வெட்ட அது சிறந்தது. ஆயினும் நுண்ணிய வளைவுகளுக்கும், பழைய ஆடையின் தையல்களை விலக்கி நல்ல பகுதியை எடுத்தற்கும் கத்தரிக்கோலே ஏற்றது.

வாங்கியபின் பேணுதலும் வேண்டும். கடதாசியிலுள்ள கனிமப் பொடி கூரை மழுக்கும்; எனவே துணிக்கத்தரியால் கடதாசி வெட்டலாகாது. கீழே விழுந்தால் அலகுகளின் பொருத்தம் கெடும். வேலை முடிந்ததும் பஞ்சைத் துடைத்து, இடையிடையே ஆணியில் ஒரு துளி எண்ணெயிட்டு, உறையிலிடுக. கூர் மழுங்கினால் பழகிய கையிற் கொடுத்துச் சாணை பிடிப்பிக்கலாம். இங்ஙனம் பேணப்படும் கத்தரிக்கோல் தாய்க்கு உழைத்து, மகளுக்கும் உழைக்கும்.