பழைய ராட்டினமும் புது ராட்டினமும்

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6-ஆம் தேதியன்று, அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்தில் ஒரு நீராவிப் படகு தன் கடைசிப் பிரயாணத்தை முடித்தது. அந்தப் படகு எந்தத் துறைமுகத்திற்கும் போனதில்லை. ஒரு மூட்டை சரக்குக்கூட ஏற்றியதில்லை. வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்னும் பெரிய கேளிக்கை நகரில், மாஜிக் கிங்டம் என்ற பூங்காவினுள், மனிதர் வெட்டிய ஓர் ஆற்றிலே, ஒரு சிறு தீவைச் சுற்றிச் சுற்றி வருவதே அதன் தொழில். 1971-ஆம் ஆண்டு பூங்கா திறந்த காலத்திலிருந்து அந்த ஆற்றில் இத்தகைய படகு ஓடி வந்திருக்கிறது. கடைசி நாளன்று அதில் ஒரு முறை ஏறிவிட வேண்டுமென்று ஜனங்கள் திரண்டு வந்தார்கள். மறுநாள் ஆறும் தீவும் படகும் மூடப்பட்டன. 'கார்ஸ்' என்ற சினிமாப் படத்தைத் தழுவிய மோட்டார் சவாரி ஒன்றுக்காக அந்த இடம் ஒதுக்கப்பட்டது.

குழந்தைகள் ஏறி விளையாடும் சவாரிகளைப் பற்றி இத்தனை விசாரம் எதற்கு என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். நம் ஊர்த் திருவிழாவில் குடைராட்டினம் சுற்றுகிறவர், பழையது உளுத்துப் போனால் புதியது செய்து கொள்கிறார். அதை எதிர்த்து யாரும் மனுப் போடுவதில்லை. அமெரிக்காவிலோ இந்த விஷயம் அவ்வளவு எளிதில் தீருவதில்லை. 1971-இல் பத்து வயதுப் பையனாக அந்தப் படகில் ஏறியவர் இன்று பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார். தாம் உட்கார்ந்த இடத்தில் அவனை உட்கார வைத்துப் பார்க்க வேண்டுமென்று ஆசைப்படுகிறார். பேரனுக்கோ அவன் போன வாரம் பார்த்த படத்தின் மோட்டார் வண்டிதான் வேண்டும். இருவருக்கும் டிக்கெட் விற்றுப் பிழைக்க வேண்டிய கம்பெனி என்ன செய்யும்?

நம் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு சவாரி பழையது, அதைப் பார்த்தால் நமக்கு நம் பால்யம் ஞாபகம் வருகிறது என்பது மட்டும் அதைக் காப்பாற்றப் போதுமான காரணமாகாது. அந்த ஞாபகம் நம்மோடு போய்விடும். இந்தப் பூங்காக்களை நிறுவிய வால்ட் டிஸ்னியே இந்த விஷயத்தில் மிகவும் இரக்கமற்றவர். 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி கலிபோர்னியாவில் அனஹைம் என்ற ஊரில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது, அங்கே குதிரைகள் பூட்டிய கோச்சு வண்டிச் சவாரி ஒன்று இருந்தது. குதிரைகள் மிரண்டன, வண்டி சாய்ந்தது. 1959-இல் அதை எடுத்துவிட்டார்கள். அதற்கும் முன்பே, ஓயாமல் சூடேறித் தொல்லை கொடுத்த இயந்திரப் படகுகள் ஒரே வருஷத்தில் விடை பெற்றன. பூங்கா என்றைக்கும் முடிவு பெறாது, வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது அவருடைய கொள்கை. ஆகவே, 'வால்ட் கட்டியதை மாற்றலாமா?' என்று இன்று கொதிப்பவர்கள், வால்ட் தாமே மாற்றியவற்றின் ஜாபிதாவை ஒரு முறை பார்ப்பது நல்லது.

மாற்றியே தீர வேண்டியவையும் உண்டு. 1989-இல் டிஸ்னிலாந்திலும், 1992-இல் பிளாரிடாவிலும் 'ஸ்பிளாஷ் மவுண்டன்' என்ற சவாரி தோன்றிற்று. மரக்கட்டை போன்ற ஓடத்தில் ஏறி, பாட்டும் பொம்மைகளும் நிறைந்த குகைகளின் வழியே மிதந்து சென்று, முடிவில் ஐம்பது அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து தண்ணீரில் சறுக்கி விழ வேண்டும். ஜனங்களுக்கு அதன்மேல் அபார மோகம். ஆனால் அதன் கதை 1946-இல் வெளியான 'ஸாங் ஆப் தி ஸௌத்' என்ற படத்திலிருந்து எடுக்கப்பட்டது. அமெரிக்காவின் தென்பகுதித் தோட்டங்களில் கறுப்பு மக்கள் பட்ட பாட்டையெல்லாம் மறைத்து, அவர்கள் எஜமானர் வீட்டில் ஆடிப் பாடிக் களித்திருந்ததாகக் காட்டிய படம் அது. வெளியான நாளிலேயே அந்த மக்களின் சங்கத்தார் அதைக் கண்டித்தனர். பிற்காலத்தில் வீட்டில் வைத்துப் பார்க்கும் வீடியோவாகக்கூடக் கம்பெனியார் தங்கள் நாட்டில் அதை வெளியிடவில்லை. தாமே காட்டக் கூசும் படத்தின் கதையை மலை மேல் ஏற்றி வைத்துக் கொண்டாடுவது எவ்விதத்தில் பொருந்தும்? 2020-இல் கதையை மாற்றப் போவதாக அறிவித்தார்கள். 2024-இல் அதே கால்வாயும் அதே சறுக்கலும், டியானா என்ற கறுப்பு இளவரசியின் கதையோடு இரண்டு இடங்களிலும் மறுபடி திறக்கப்பட்டன. குழந்தை 40 அங்குல உயரம் இருக்க வேண்டும் என்ற விதிகூட மாறவில்லை.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. டிஸ்னிலாந்தின் ஸ்பிளாஷ் மவுண்டனில் பாடிய யந்திரப் பொம்மைகளில் பல அதற்கென்று செய்தவை அல்ல. 1974 முதல் 1988 வரை நடந்த 'அமெரிக்கா ஸிங்ஸ்' என்ற பொம்மைக் கச்சேரியிலிருந்து கொண்டு வந்து வைத்தவை. புராதனம் என்று ஜனங்கள் அழுத சவாரியே இன்னொரு பழைய சவாரியின் எலும்பைக் கொண்டு கட்டியதுதான்!

இவ்வளவு தூரம் புதுமையின் கட்சியைப் பேசிய நாம் இனி மறுபக்கத்துக்குப் போகிறோம். அங்கேதான் நம் மனம் இருக்கிறது.

டிஸ்னிலாந்தில் 1967-ஆம் ஆண்டு 'பீப்பிள் மூவர்' என்ற சவாரி ஆரம்பமாயிற்று. பெயருக்கேற்ப மனிதர்களை நகர்த்துவது ஒன்றே அதன் நோக்கம். உயரத்தில் அமைந்த பாதையில் சின்னஞ்சிறு பெட்டிகள் மெள்ள மெள்ளச் செல்லும். பெட்டிகளில் மோட்டார் கிடையாது. பாதையில் வரிசையாகப் பதித்த ரப்பர்ச் சக்கரங்கள் சுழன்று அவற்றைத் தள்ளிவிடும். வண்டி ஒருபோதும் நிற்காது. சுழலும் மேடையில் நின்று, ஓடுகிற பெட்டியிலேயே ஏறிக்கொள்ள வேண்டும். வருங்கால நகரங்களில் ஜனங்கள் இப்படித்தான் பிரயாணம் செய்வார்கள் என்று வால்ட் டிஸ்னி கனவு கண்டார். அதைப் பார்க்க அவர் உயிரோடில்லை. 1966 டிசம்பரில் காலமானார். அந்தச் சவாரியிலே பயமில்லை, கூச்சலில்லை. காற்று வரும், கீழே நடப்பவர்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். முழங்கால் வலிக்கும் பாட்டியும் கைக்குழந்தைக்காரியும் ஒரே பெட்டியில் உட்காரலாம்.

1995-இல் அதை நிறுத்தினார்கள். மெதுவாகப் போவது இக்காலத்தவருக்குப் பிடிக்காது என்று முடிவு செய்து, அதே பாதையில் 'ராக்கெட் ராட்ஸ்' என்ற அதிவேக வண்டியை 1998-இல் விட்டார்கள். பழைய பாதையின் வளைவுகள் மெதுவான வண்டிக்காகப் போட்டவை. வேகத்தைத் தாங்கும்படி உட்பக்கம் சாய்த்துக் கட்டியவை அல்ல. ஆகவே புது வண்டி நேர்ப் பாதையில் பாய்ந்து செல்வதும், ஒவ்வொரு வளைவிலும் தயங்கி நிற்பதுபோல் ஊர்வதும், மறுபடி பாய்வதுமாக இருந்தது. சக்கரம் தேய்ந்தது, யந்திரம் பழுதாயிற்று. பலநாள் ஓடவேயில்லை. 2000-ஆம் ஆண்டில் அதையும் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு பூங்காவின் நடுவிலே, ஜனங்களின் தலைக்கு மேலே, அந்தப் பாதை வெறிச்சென்று கிடக்கிறது. கால் நூற்றாண்டாயிற்று. பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

பிளாரிடாவில் 1975-இல் போட்ட இதே மாதிரிச் சவாரியோ, மின்காந்த விசையால் சப்தமின்றி இன்னும் ஓடுகிறது. இரண்டு மூன்று தடவை பெயரை மாற்றினார்களே தவிர, வேகத்தை மாற்றவில்லை.

இதிலிருந்து நமக்குத் தோன்றுவது இதுதான். கதை பழசானால் கதையை மாற்றலாம். பொம்மையின் சாயம் போனால் பூசலாம். ஒரு சவாரி குடும்பத்திற்குச் செய்யும் ஊழியம் ஒன்று உண்டல்லவா? அந்த ஊழியத்தைச் செய்ய வேறொன்று வராத வரையில் அதைக் கலைக்கக் கூடாது. ஒரு நாள் டிக்கெட்டுக்கு ஆளொன்றுக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்து உள்ளே வரும் குடும்பத்தில் எல்லோரும் பதினாறு வயது வாலிபர்களாக இருப்பதில்லை. 40 அங்குலம் எட்டாத குழந்தை இருக்கும்; தலைசுற்றுகிற தாயார் இருப்பார். அவர்களை வெளியே ஒரு பெஞ்சில் பையும் சட்டையும் காக்க உட்கார்த்திவிட்டு, மற்றவர்கள் சவாரிக்குப் போவதைக் குடும்பத்தோடு உல்லாசமாயிருந்ததாகச் சொல்ல முடியுமா? மெதுவான பழஞ் சவாரிகளை எடுத்துவிட்டு வேகமானவற்றையே வைத்துக்கொண்டு போனால், அந்தப் பெஞ்சில் உட்காருவோர் தொகை வளரும்.

கம்பெனிகளின் நோக்கத்தையும் கவனிக்காமலிருக்க முடியாது. ஆற்றுப் படகு எந்தச் சினிமாவுக்கும் விளம்பரம் செய்யவில்லை. அதன் பெயரில் வாங்கிக்கொண்டு போகப் பொம்மைகள் அநேகமாக இல்லை. ஒரு படத்தைத் தழுவிய சவாரியோ படத்தை விற்கும். படம் பொம்மையை விற்கும். பொம்மை மறுபடியும் குழந்தையைச் சவாரிக்கு இழுத்துவரும். பழைய சவாரிக்கு வேண்டிய உதிரி உறுப்புகள் கடையில் கிடைக்காமல், பட்டறையிலேயே செய்துகொள்ள நேர்வதும் உண்டு. கணக்குப் புத்தகத்தில் பழையது எப்போதும் தோற்கும்படியாகத்தான் இருக்கிறது.

வேகமே பயனாக உள்ள சவாரிகளிலும் காக்க வேண்டியவை இல்லாமலில்லை. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 1843-இல் திறந்த டிவோலி என்ற தோட்டம் இருக்கிறது. அங்கே 1914-இல் மரத்தால் கட்டிய ரோலர் கோஸ்டர் இன்னும் ஓடுகிறது. ஒவ்வொரு வண்டித் தொடரிலும் ஓர் ஆள் உட்கார்ந்து, இறக்கத்தைப் பார்த்துக் கையால் பிரேக் பிடிக்கிறார். எந்த இறக்கத்தில் எவ்வளவு விடலாம் என்பது அவருடைய கைக்குத் தெரிந்த வித்தை. புதுச் சவாரிகளில் இதையெல்லாம் கணினி செய்கிறது, பிழையில்லாமல் செய்கிறது, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி செய்கிறது. டிவோலியின் மரப்பாதையை ஒரு நாள் பிரித்துவிட்டால், பலகைகளை மறுபடி வாங்கிவிடலாம். அந்தக் கைவித்தையை ஒருவர் இன்னொருவருக்குக் கற்றுக் கொடுக்கும் பள்ளிக்கூடம் போய்விடும்.

நியூயார்க்கில் கோனி ஐலண்ட் கடற்கரையிலுள்ள 'ஸைக்ளோன்' 1927-இல் கட்டியது. 1970-க்குப் பிறகு, பக்கத்திலிருந்த மீன் காட்சிச்சாலையை விஸ்தரிப்பதற்காக அதை இடிக்க ஏற்பாடு நடந்தது. ஊரார் விடவில்லை. செப்பனிட்டு 1975-இல் மறுபடி திறந்தார்கள். 1988-இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். மரத்தாலான இத்தகைய சவாரிகளில் பலகைகளை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அச்சும் சக்கரமும் மாறியும் நம் கோயில் தேர் அதே தேராக இருப்பதுபோல, அவையும் அதே சவாரிகளாக இருக்கின்றன. ஆபத்தான யந்திரத்தைப் பழமையின் பெயரால் ஓட்டக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் வயது ஆயிற்று என்பதும் ஆபத்து என்பதும் ஒன்றாகிவிடா. பரிசோதனையும் பராமரிப்பும் எப்படி என்பதே கேள்வி.

வியன்னா நகரத்தில் 1897-இல் நிறுவிய ராட்சத ராட்டினம் பிழைத்த கதையோ வேறு. 1916-இல் அதை இடிக்க அனுமதி கிடைத்தது. இடிக்கப் பணம் கிடைக்கவில்லை! 1944-இல் யுத்தத்தில் எரிந்தது. 1947-இல் முப்பது கூண்டுகளுக்குப் பதில் பதினைந்து கூண்டுகளோடு மறுபடி சுற்றத் தொடங்கியது. இன்று அந்த நகரத்தைப் படம் எழுதுகிறவர்கள் அந்த ராட்டினத்தையும் சேர்த்தே எழுதுகிறார்கள். சிகாகோவில் 1893-இல் உலகமே வியக்க நிறுத்திய முதல் ராட்சத ராட்டினத்தை, அதன் சொந்தக்காரர்கள் 1906-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அவர்களிடம் சில்லறைக் காசு இருந்தது போலும்.

மாஜிக் கிங்டத்திலேயே 1997, 1998-ஆம் ஆண்டுகளில் நடந்த ஒரு போராட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார்ப் பைத்தியம் பிடித்த தேரை ஒன்றின் கதையைத் தழுவியது 'மிஸ்டர் டோட்' சவாரி. பூங்கா திறந்த நாள் தொட்டு நடந்தது. அதில் ஏறியவர்கள் கடைசியில் ரயிலில் மோதி நரகத்துக்குப் போவார்கள். குழந்தைகளுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை. அதை எடுத்துவிட்டு வின்னி என்ற கரடிக்குட்டியின் சவாரியை வைக்கப் போகிறார்கள் என்று வதந்தி பிறந்ததும், ரசிகர்கள் பச்சைச் சட்டை அணிந்து பூங்காவிலே கூடினார்கள். நம் நாட்டார் சத்தியாக்கிரகம் என்று சொல்லக்கூடிய அமைதியோடுதான் நடந்துகொண்டார்கள். பயனில்லை. 1998 செப்டம்பரில் சவாரி மூடப்பட்டது. புதுச் சவாரியைக் கட்டிய கலைஞர்களுக்கு மட்டும் சிறிது மனச்சாட்சி இருந்தது. உள்ளே ஒரு சுவரில், வீட்டுப் பத்திரத்தைத் தேரை ஆந்தையிடம் ஒப்படைப்பதுபோல் ஒரு சித்திரம் மாட்டி வைத்தார்கள். தேரையின் சவாரி அனஹைமில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1983-இல் அதைப் புதுப்பித்தபோது அழிக்காமல் அழகுபடுத்தினார்கள்.

பிளாரிடாவின் ஆற்றை நாமாக இருந்தால் மூடியிருக்க மாட்டோம். உயரக் கணக்கின்றி யாரையும் ஏற்றிக்கொண்டது அந்தப் படகு. தீவிலோ குழந்தைகள் வரிசையில் நிற்காமல் ஓடித் திரிந்தார்கள். மோட்டார் சவாரிக்கு அந்த விசாலமான பூமியில் வேறு இடமா இல்லை?

கலிபோர்னியாவில் 1955-இல் வெட்டிய ஆறு இன்னும் இருக்கிறது. அதில் 'மார்க் ட்வெயின்' என்ற மூன்று அடுக்குக்கு மேற்பட்ட வெள்ளைப் படகு, கொதிகலனில் உண்மையான நீராவியை எழுப்பி, பின்புறத்துச் சக்கரத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, கால் மணிக்கும் குறைந்த நேரத்தில் தீவைச் சுற்றி வருகிறது. அது போவது தண்ணீருக்கடியில் பதித்த தண்டவாளத்தின்மேல். மாலுமி சுக்கானைத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. இதைத் தகப்பனார் விளக்கிச் சொன்ன பிறகும், குழந்தைகள் முன்தட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, வளைவுக்கு அப்பால் என்ன வருகிறதென்று பார்க்கிறார்கள்.