பொறி தின்னும் உலோகம்

நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை மீனவர்களின் கண்ணாடியிழைப் படகுகளில் பல மண்ணெண்ணெய் எஞ்சினில் ஓடுபவை. பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கடலில் எஞ்சின் நின்றால் முதலில் கை போவது பிளக்குக்குத்தான். அதன் நுனியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இடைவெளி. அதைப் பல்லாயிரம் வோல்ற் தாண்டுகிறது. மண்ணெண்ணெய்க் கரி படிந்தால் மின் அந்தக் கரி வழியே கசிந்துவிடும், பொறி பிறக்காது. 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணக் குடாநாட்டு மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடியபோதும் இதே தொல்லைதான்.

பிளக்கை விட்டு, வீட்டிலேயே உயர் மின்னழுத்தப் பொறி இடைவெளி செய்பவரின் பக்கம் வருவோம். அவருக்கு முன் நிற்கும் கேள்வி: எந்த உலோகம்?

பொறி விழும் புள்ளியில் உலோகம் உருகி ஆவியாகிறது. ஆகவே அதிக வெப்பத்தில் உருகுவதே நல்லது என்று தோன்றும். துத்தநாகம் 420 பாகையில் உருகும், அலுமினியம் 660இல், செம்பு 1085இல், தங்குதன் 3422இல். ஆனால் இந்த வரிசை பாதி உண்மைதான். செம்பு சூட்டை விரைவாகக் கடத்திவிடுவதால், தடித்த செம்புக் குழாய்க்கு விசிறிக் காற்றும் கிடைத்தால் நன்றாகவே தாங்கும். பித்தளையிலோ துத்தநாகம் முந்திக்கொண்டு ஆவியாகிவிடும். தங்குதன்கூடக் காற்றில் செஞ்சூடானால் ஒட்சைட்டாகித் தேயும். தீவுகளின் உப்புக்காற்றில் இரும்பு, பொறி தொடுமுன்பே துருப்பிடித்துவிடும்.

உருகுநிலை மட்டும் போதாது என்பதைத் தெளிவாகக் கண்டவர் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியின் ஜகதீஸ் சந்திர போஸ். 1890களில் அவர் பொறியால் எழுப்பி ஆராய்ந்த மின் அலைகளின் நீளம் சில மில்லிமீற்றர்தான். அவ்வளவு நுண்ணிய அலைக்கு, பொறி பாயும் உலோகப் பந்தின் முகம் வழவழப்பாக இருந்தாக வேண்டும். பொறி பாயப் பாய அது சொரசொரப்பாகி அலையைக் கெடுத்தது. ஐரோப்பாவில் பந்துகளை எண்ணெயில் அமிழ்த்திப் பார்த்தார்கள், எண்ணெய் அழுக்கானது. போஸ் பிளாட்டினத்துக்கு மாறினார். உருகுநிலையில் அது தங்குதனுக்கு மிகவும் கீழே, 1768 பாகை. ஆனால் காற்றில் ஒட்சைட்டுப் படலம் பிடிக்காது, பொறிக்குப் பிறகும் முகம் துப்புரவாக இருக்கும். தொடர்ந்து பொறி விடாமல், ஒரு தடவைக்கு ஒரே பொறி என்று சிக்கனமும் செய்தார். கருவிகளைச் செய்ய உதவியவர் அவரே பழக்கிய ஒரு தகரவேலைக்காரர். அந்தக் கருவிகளோடுதான் 1897 ஜனவரியில் இலண்டன் ரோயல் இன்ஸ்டிடியூசனில் போஸ் உரையாற்றினார். வசதியான ஆய்வுகூடம் இல்லாத ஒருவர் பொருளின் குணத்தைக் கூர்ந்து பார்த்தே இவ்வளவு தூரம் போனது வியக்கத்தக்கது. இன்றைய விலையுயர்ந்த பிளக்குகளின் நுனியில் பிளாட்டினமும் இரிடியமும் இருப்பதற்கும் தேய்மானத்தைத் தாங்கும் இந்தக் குணமே காரணம்.

வீட்டில் பொறி இடைவெளி செய்பவருக்கு இப்போது ஆகன் வெல்டிங் கம்பிகளாகத் தங்குதன் எளிதில் கிடைக்கிறது. சிவப்பு நுனிக் கம்பியில் தோரியம் கலந்திருக்கும். அதை அரைக்கும்போது எழும் தூசியில் கதிரியக்கம் உண்டு. சீரியம், லாந்தனம் கலந்தவற்றை வாங்குவதே நல்லது. பொறி ஓசோனையும் நைதரசன் ஒட்சைட்டுகளையும் உண்டாக்கும் என்பதால் அறை திறந்திருக்க வேண்டும். மின்னை நிறுத்திய பின்னும், பொறிக்கு மின்னைச் சேமித்துத் தரும் கொள்ளளவியில் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதை வடித்த பிறகே மின்வாயில் கை வைக்கலாம்.