மேனி பைன், உள்ளம் வேறு!

"இது முழு மரமே இல்லை, ஸார்! மேலே ஒரு தோல் ஒட்டியிருக்கிறான், அவ்வளவுதான்" என்றார் தச்சர்.

நம் மகள் படிப்பதற்கென்று வாங்கிய மேஜை அது. இளம்பொன் நிறம், மேற்பரப்பெங்கும் ஆற்றுமணலில் காற்று எழுதிய கோடுகளைப் போன்ற ரேகைகள், அங்குமிங்கும் பழுப்பு நிறக் கணுக்கள். 'முழுப் பைன் மரம்' என்று கடைக்காரர் சொன்னதை நாம் அப்படியே நம்பினோம். ஐப்பசி அடைமழையில் ஜன்னலோரம் நின்ற அந்த மேஜையின் விளிம்பு உப்பிப் பிரிந்து, ஓலைபோல் மேலே எழும்பிற்று. எதையும் ஆராய்ந்து தெளிய வேண்டும் என்று இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் போதித்து வரும் நாம், ஒரு மேஜையை ஆராயத் தவறினோமே என்று வெட்கமாயிருந்தது.

கோபம் தணிந்த பிறகு தச்சரிடம் கேட்டறிந்தோம், புத்தகங்களையும் புரட்டினோம். அப்போது ஒன்று விளங்கிற்று. குற்றம் அந்த ஏட்டினுடையதன்று. ஏட்டை முழு மரம் என்று சொன்ன நாவின் குற்றம் ஒரு பாதி. அது ஏடு என்று அறியாமல் கையாண்ட நம்முடைய குற்றம் மற்றொரு பாதி.

மரத்தை மெல்லிய ஏடாகச் சீவி எடுப்பதற்கு 'வெனீர்' என்று பெயர். அலங்காரத்துக்கு ஒட்டும் ஏட்டின் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். இது ஏழைகளை ஏமாற்றப் பிறந்த வித்தையன்று. 1922-ல் எகிப்தில் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமன் மன்னனின் கல்லறையில், கருங்காலியும் தந்தமும் மெல்லியதாய் ஒட்டிய பெட்டிகள் இருந்தன. அரண்மனையில் பிறந்து, காலப்போக்கில் நம்மைப் போன்றோர் வீட்டுக்கு வந்து சேர்ந்த கலை இது.

செய்யும் முறையும் சுவையானது. அடிமரத்தை வெந்நீரில் ஊறவைத்தோ நீராவியில் வேகவைத்தோ மிருதுவாக்குகிறார்கள். பிறகு அதைச் சுழலவிட்டு, நீண்ட கத்தி ஒன்றை எதிரே நிறுத்தினால், சுருட்டிய பாயை விரிப்பதுபோல் மரம் ஏடாக விரிந்துகொண்டே வரும். அப்படி உரித்த ஏட்டில் ரேகைகள் அகன்று நெளியும். மரத்தைச் சுழற்றாமல் நேராகச் சீவுவது மற்றொரு முறை. மரத்தின் நடுவை நோக்கிச் சீவினால் ரேகைகள் ஒழுங்கான கோடுகளாக விழும். கத்தி ரம்பத்தைப்போல் மரத்தைத் தூளாக்குவதில்லை. ஓர் அங்குலப் பலகையின் கனத்தில் 0.6 மில்லிமீட்டர் ஏடுகள் ஏறக்குறைய நாற்பது அடங்கும். ஒரு மேஜைக்கு ஆகும் நல்ல மரம் பல மேஜைகளை அழகு செய்யும் என்பதே இக்கணக்கின் பொருள்.

காடுகளை நினைத்தால் இக்கணக்கு சிறிய விஷயமன்று. நீலகிரியின் கூடலூர்க் காடுகள் அழிவதைக் குறித்து 1995-ல் தொடுக்கப்பட்ட கோதவர்மன் வழக்கில், சுப்ரீம் கோர்ட் 1996 டிசம்பர் 12-ந் தேதி பிறப்பித்த உத்தரவு நாடு முழுவதும் மரம் வெட்டுவதற்குக் கடிவாளமிட்டது. அருணாசலப் பிரதேசத்தின் திராப், சங்லாங் பகுதிகளிலிருந்த வெனீர் ஆலைகளையும் அது மூடச் சொல்லிற்று. மரத்தைச் சிக்கனமாக்கும் ஆலையும், காட்டுக்கு அளவறிந்து கை நீட்டாவிட்டால், காட்டுக்குப் பகையாகிவிடும்.

இனி, பைன் மரத்தின் லக்ஷணங்களைப் பார்ப்போம். கோடைக்கானலிலும் உதகையிலும் நாம் காணும் பைன் தோப்புகள் மனிதர் நட்டவை. தென்னாட்டில் இம்மரம் தானாக முளைப்பதில்லை. இமயத்தின் தாழ்ந்த சரிவுகளில் 'சீர்' பைனும், அதற்கு மேலே குளிர்ந்த உயரங்களில் நீலப் பைனும் வளர்கின்றன. கொத்துக்கு மூன்று ஊசியிலைகள் இருந்தால் சீர். ஐந்து இருந்தால் நீலம். கலிபோர்னியாக் கடற்கரையில் பிறந்த 'ரேடியாடா' பைனை நியூஸீலந்துக்காரர்கள் பயிரைப்போல் நட்டு, 25 முதல் 30 ஆண்டுகளில் அறுவடை செய்கிறார்கள்.

பைன் இலேசானது, மிருதுவானது, பிசின் நிறைந்தது. நம் வீடுகளில் கள்ளிப்பெட்டிப் பலகை என்று அலட்சியமாய்ப் பேசப்பட்டதில் இந்த இனமும் சேர்ந்ததே. ஆனால் அதன் ஏட்டுக்குத் தனி அழகு உண்டு. வருஷத்தின் முற்பகுதியில் வளரும் மரம் வெளுத்தும், பிற்பகுதியில் வளர்வது செம்பழுப்பாயும் இருப்பதால் ரேகைகள் பளிச்சென்று தெரியும். ஒளி பட்டு நாளடைவில் மேனி தேன் நிறமாகும். அலமாரிக் கதவு, புத்தகத் தட்டு, சுவர்ப்பலகை, படுக்கையின் தலைமாடு ஆகியவற்றுக்கு மிகவும் ஏற்றது. குளியலறைக்கும், காய் நறுக்கும் மேடைக்கும், பாத்திரம் உராயும் இடத்துக்கும் ஏற்றதன்று. நகத்தால் அழுத்தினாலே தடம் விழும் மரம் அது.

கடையில் ஏமாறாமலிருக்க ஒரு வழி சொல்வோம். மேற்பரப்பை மட்டும் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். முழு மரமானால் மேலே ஓடும் ரேகை விளிம்பிலும் தொடர்ந்து இறங்கும். பலகையின் முனையில் வளையங்கள் தெரியும். ஏடானால் விளிம்பில் தனியாக ஒரு பட்டை ஒட்டியிருக்கும். அதே கணு, அதே நெளிவு அச்சடித்தாற்போல் திரும்பத் திரும்ப வந்தால், அது மரமே அன்று. படம் அச்சிட்ட காகிதம். பலகையின் அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். ஏட்டை ஒரு முகத்தில் மட்டும் ஒட்டி, மறுமுகத்தை வெறுமனே விட்டால், ஈரம் இரு பக்கமும் ஒருபடியாக ஏறி இறங்காது; பலகை வளைந்துவிடும்.

பராமரிப்பின் மந்திரம் ஒன்றே: 'நம்மிடம் இருப்பது அரை மில்லிமீட்டர்.' ஆகையால் இழைப்புளி கூடவே கூடாது. உப்புத்தாளும் மிக நைஸானதாய், ரேகை ஓடும் திசையில், கையால் மட்டுமே படவேண்டும். துடைக்கும் துணியைப் பிழிந்துவிட்டு, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். முழுப் பைன் பலகையில் குழி விழுந்தால் ஈரத்துணியிட்டு இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி எழுப்புவதுண்டு. ஏட்டில் அப்படிச் செய்தால் குழியோடு ஏடும் எழுந்துவிடக்கூடும். வெயில் நேரே விழும் இடமும் வேண்டாம். ஒரே இடத்தில் பல மாதம் புத்தகம் வைத்திருந்தால், எடுத்த பிறகு அதன் வடிவம் வெளிறித் தெரியும். அவ்வப்போது இடம் மாற்றுங்கள். புதிதாக வார்னிஷ் அடிப்பதானால் கணுக்களுக்கு முதலில் அரக்குப் பூச்சு அவசியம். இல்லையேல் பிசின் கசிந்து கறையாகும்.

ஏடு உப்பினால் பதற வேண்டாம். நம் தச்சர் செய்ததைச் சொல்கிறோம். நன்றாக உலரவிட்டு, உப்பிய இடத்தில் ரேகை வழியே கூரிய கத்தியால் கீறினார். மெல்லிய தகட்டால் உள்ளே மரப்பசை செலுத்தினார்; வழிந்ததைத் துடைத்தார். மேலே மெழுகுத்தாளை விரித்துப் பலகை வைத்து, அதன்மேல் நம் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்து ஓர் இரவு விட்டார். காலையில் கீறல் எங்கே என்று நாமே தேட வேண்டியிருந்தது.

"மரம் பொய் சொல்லாது, ஸார், விற்கிறவன்தான் சொல்லுவான்" என்றார், கூலியை வாங்கிக்கொண்டே.

மேஜையை ஜன்னலைவிட்டுச் சற்று நகர்த்திப் போட்டோம். அதன்மேல் நம் மகள் கோரைப்பாயின் துண்டொன்றை வெட்டி வைத்திருக்கிறாள். நாம் மறந்துபோய்க் காபி டம்ளரை வெறும் மேஜையில் வைக்கப் போனால், புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "அப்பா, அரை மில்லிமீட்டர்!" என்கிறாள்.