தாலி கட்டியாச்சு... கெட்டிமேளம் எங்கே?
பழைய கல்யாண கேசட்டை டிவிடி ஆக்குகிறீர்களா? இதைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்!

கொட்டாரத்தில் எங்கள் வீட்டுப் பரணில் பல வருடம் கிடந்த கேசட் அது. 1994-ல் நடந்த சித்தியின் கல்யாணம். பாட்டா இறந்து நாளாகிவிட்டது. அவர் குரல் மிச்சமிருப்பது அந்த கேசட்டில் மட்டும்தான்.

ஒரு கடையில் கொடுத்து டிவிடி ஆக்கி வாங்கி வந்தோம். வீடே கூடி உட்கார்ந்து பார்த்தது. மாப்பிள்ளை அழைப்பு வந்தது. ஆட்கள் விக்கி விக்கி நடந்தார்கள். ஒரு மணி நேரம் போனது. மாப்பிள்ளை தாலி கட்டிவிட்டார், சத்தமே இல்லை! மூன்று விநாடி கழித்துத்தான் கெட்டிமேளம் முழங்கியது.

"என்ன மக்கா, மேளக்காரன் ஒறங்கிட்டானா?" என்றார் ஆச்சி. எல்லோரும் சிரித்தோம். கடைசியில் பாட்டா மணமக்களை வாழ்த்திப் பேசினார். உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். யாரோ டப்பிங் கொடுத்த மாதிரி இருந்தது. ஆச்சி எழுந்து உள்ளே போய்விட்டார்.

அதன்பிறகுதான் இந்த வேலையை நானே கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன்.

எங்கே பிசகுகிறது என்று பாருங்கள்

முதலில் அதே டிஸ்க்கை வேறு பிளேயரிலோ கம்ப்யூட்டரிலோ போட்டுப் பாருங்கள். அங்கே சரியாக ஓடினால் கோளாறு டிஸ்க்கில் இல்லை. ப்ளூடூத் ஸ்பீக்கர்கூட ஒலியைத் தாமதமாக்கும்.

எங்கும் பிசகினால், ஆரம்பம், நடு, முடிவு என மூன்று இடங்களில் உதட்டையும் குரலையும் ஒப்பிடுங்கள்.

* மூன்று இடத்திலும் ஒரே அளவு பிசகு: சுலபம். எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஒலியை மொத்தமாக அந்த அளவு முன்னே பின்னே நகர்த்தினால் போதும்.
* போகப் போகக் கூடும் பிசகு: படமும் ஒலியும் வேறு வேறு வேகத்தில் ஓடுகின்றன, அல்லது பதிவின்போது வழிநெடுக ஃப்ரேம்கள் தவறியிருக்கின்றன.
* நடுவில் திடீரெனத் தொடங்கும் பிசகு: அந்த இடத்தில் டேப் பழுது. படம் சில ஃப்ரேம்களை இழந்துவிட்டது, ஒலி மட்டும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

எங்களுடையது இரண்டாவது ரகம். நம் ஊர் வீடியோவில் விநாடிக்கு 25 ஃப்ரேம். 75 ஃப்ரேம் தவறினால் படம் மூன்று விநாடி முந்திவிடும். கெட்டிமேளம் பிந்தியது இதனால்தான்!

பதிவு செய்யும்போதே கவனம்

கேசட் கையில் இருந்தால் டிஸ்க்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். மறுபடி பதிவு செய்வதே நல்லது. பதிவு ஓடும்போது கம்ப்யூட்டரில் வேறு வேலை பார்க்காதீர்கள். கேப்சர் கருவியை யுஎஸ்பி ஹப்பில் சொருகாமல் நேராகக் கம்ப்யூட்டரில் சொருகுங்கள். 'விர்ச்சுவல்டப்' என்ற இலவச மென்பொருள், எத்தனை ஃப்ரேம் தவறியது என்று ஓடும்போதே கணக்குக் காட்டும். எண்ணிக்கை ஏறினால் நிறுத்திவிட்டு, டேப்பை ஒருமுறை முழுதாக ஓட்டிச் சுற்றி மறுபடி தொடங்குங்கள். அப்படியும் ஏறினால், கலங்கிய சிக்னலைச் சீராக்கும் 'டைம் பேஸ் கரெக்டர்' வசதி உள்ள கடையைத் தேடிக் கொடுங்கள்.

கேசட் கைக்கு எட்டாது, டிஸ்க் மட்டும்தான் என்றால்? 'ஆடாசிட்டி'யில் ஒலியின் நீளத்தை, சுருதி மாறாமல், படத்தின் நீளத்துக்குச் சுருக்கலாம்.

தாய் எந்த வேகமோ, பிள்ளையும் அந்த வேகம்!

ஆட்கள் விக்கி நடந்தது ஏன்? நம் நாட்டு கேசட் பி.ஏ.எல். முறை, விநாடிக்கு 25 ஃப்ரேம். அமெரிக்கா, ஜப்பானில் என்.டி.எஸ்.சி. முறை, 29.97 ஃப்ரேம். சில சாஃப்ட்வேர்களில் தானாக இருப்பது என்.டி.எஸ்.சி. செட்டிங். அதை மாற்றாமல் விட்டால், இல்லாத ஃப்ரேம்களை இட்டு நிரப்பும். நடை விக்கும். நம்மூர் கேசட் என்றால் பி.ஏ.எல்., அமெரிக்க உறவினர் அனுப்பிய கேசட் என்றால் என்.டி.எஸ்.சி. எனத் தேர்ந்தெடுங்கள்.

அப்படியும் கை கால் ஆட்டும்போது மட்டும் படம் முன்னும் பின்னும் நடுங்கினால், 'ஃபீல்ட் ஆர்டர்' தலைகீழாக இருக்கிறது. 'டாப்' என்பதை 'பாட்டம்' என்றோ, 'பாட்டம்' என்பதை 'டாப்' என்றோ மாற்றிப் பாருங்கள்.

செல்போன் வீடியோ என்றால்?

பேரப்பிள்ளை ஆடும் வீடியோவை ஆச்சிக்கு டிவிடியாகப் போட்டுக் கொடுக்கிறீர்களா? செல்போன் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃப்ரேம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும். அப்படியே டிவிடி ஆக்கினால் ஒலி நழுவும். முதலில் 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் 30 ஃப்ரேம், 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' என வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு 'டிவிடி ஸ்டைலரில்' என்.டி.எஸ்.சி. டிஸ்க்காக ஆக்கலாம். நம் ஊர் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டு முறையையும் ஓட்டும். ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும், டிவிடியின் கணக்கு அதுதான்.

டிஸ்க் எழுதும்போது

சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜி.பி. பிட்ரேட்டை 8 எம்பிபிஎஸ்க்கு மேல் வைத்தால் பழைய பிளேயர்கள் திணறும். இரண்டு மணி நேரப் படத்துக்கு 5 எம்பிபிஎஸ் அளவு சரியாக வரும். மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஒரே டிஸ்க்கில் திணிக்காமல் இரண்டாகப் பிரியுங்கள். 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் வேகத்தில் எழுதி, 'வெரிஃபை' கொடுங்கள். டிஸ்க்கும் சாகாவரம் பெற்றதல்ல. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் அவசியம்.

தள்ளிப்போடாதீர்கள்

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, பக்கத்தில் கடல் வேறு. ஈரத்தில் கேசட்டுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள். விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஓடுகிற பழைய பிளேயர்கள் இனி குறைந்துகொண்டேதான் போகும்.

எங்கள் கேசட்டை மூன்றாவது தடவை பதிவு செய்தபோது தவறிய ஃப்ரேம் பூஜ்யம். தாலி ஏறியதும் கெட்டிமேளம் முழங்கியது. பாட்டாவின் உதடும் குரலும் ஒன்றாகவே அசைந்தன. ஆச்சி இந்த முறை எழுந்து போகவில்லை. பேச்சு முடிந்ததும் கேட்டார்:

"மக்கா, இன்னொரு தடவை போடு."